விகுதி செய்யும் வேலை

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ரயில் பாதைகள் ஐந்து திசைகளில் பிரிகின்றன: ஒன்று சென்னைக்கு, ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு, ஒன்று கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு, ஒன்று திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு, ஒன்று புதுச்சேரிக்கு. அத்தனை வண்டிகளின் நேரத்தையும் பயணிகளுக்குத் தெரிவிக்கும் அட்டவணையின் தலையில் இரண்டே சொற்கள் நிற்கின்றன; தமிழில் அவை வருகை, புறப்பாடு, ஆங்கிலத்தில் அரைவல், டிபார்ச்சர். வா என்னும் வினை வரு எனத் திரிந்து, கை என்னும் விகுதியை ஏற்று வருகை ஆயிற்று. புறப்படு என்னும் வினை தன் ஈற்றிலுள்ள படு என்பதைப் பாடு என நீட்டிக்கொண்டு புறப்பாடு ஆயிற்று. அரைவ் என்ற ஆங்கில வினை அல் என்ற ஒட்டையும், டிபார்ட் என்ற வினை யூர் என்ற ஒட்டையும் பெற்று அவ்வாறே பெயர்களாயின. ஒரே பலகையில் உள்ள நான்கு சொற்கள், நான்கு வெவ்வேறு வழிகளில், ஒரே வேலையைச் செய்து முடித்திருக்கின்றன: ஒரு செயலைப் பிடித்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, அதை அட்டவணைக்குள் அடக்கியிருக்கின்றன.

கல், மரம், மாடு, பேருந்து முதலியவற்றைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம். வருகையையோ வறுமையையோ அவ்வாறு காணவோ தொடவோ முடியாது. ஆயினும் இவையும் பெயர்களே, எழுவாயாக நிற்கும், வேற்றுமை உருபு ஏற்கும். இத்தகைய பெயர்களை ஆங்கில இலக்கணம் ஆப்ஸ்ட்ராக்ட் நவுன் என்ற ஒரே தலைப்பில் அடக்குகிறது. தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் ஒரு படி கூடுதலாகப் பகுத்துப் பார்க்கிறது: செயலின் பெயர் தொழிற்பெயர், தன்மையின் பெயர் பண்புப்பெயர். வருகை தொழிற்பெயர், வறுமை பண்புப்பெயர். இந்தப் பகுப்பு ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஏனெனில் ஆங்கில ஒட்டுகளும் பெரும்பாலும் இவ்வாறே இரண்டு அணிகளாக நிற்கின்றன. மெண்ட், ஷன், அல், யூர் ஆகியவை வினையைத் தேடிச் சேர்கின்றன. னெஸ், இட்டி, த் ஆகியவை பெயரடையைத் தேடிச் சேர்கின்றன. எனினும் பள்ளிகளில் இரண்டு மொழிகளின் இலக்கணமும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத இரண்டு அறைகளில் நடத்தப்படுகின்றன. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தொழிற்பெயரை விகுதிகளோடு படித்து முடித்த மாணவர், அடுத்த பாடவேளையில், வேர்ச்சொல்லோடு பின்னொட்டுச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்கும் ஆங்கிலப் பயிற்சியைக் கண்டு, முன்பின் அறியாத ஒன்றைச் சந்தித்தவர் போலப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்.

இவ்வாறு திகைப்பதற்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் காரணமே இல்லை என்று சொல்லலாம். சொல்லைப் பிரித்துப் பார்க்கும் கலை நெடுங்காலமாகப் பேணப்பட்ட நிலம் இது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் அருகிலுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் விரும்பியதற்கிணங்க நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அந்நூலுக்குக் கிடைத்துள்ள உரைகளில் மிகப் பழையதை எழுதிய மயிலைநாதரும் சமணரே. அவருடைய பெயர் மயிலாப்பூரில் கோயில் கொண்டிருந்த நேமிநாத தீர்த்தங்கரரின் பெயர். கடல் நெருங்கியபோது அந்த நேமிநாதர் திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டது என்பது சமண மரபு. மயிலைநாதர் உரையை உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில், பொம்மபுர ஆதீனத்தின் ஆதரவில், 1938 முதல் தமிழ்க் கல்லூரி நடந்துவருகிறது. நன்னூலைப் பாடமாகப் படித்த புலவர்கள் பலர் அங்கிருந்து வெளிவந்து பள்ளிகளில் தமிழாசிரியர்களாக அமர்ந்தனர். ஆங்கிலக் கல்வியும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அமெரிக்க ஆற்காட்டு மிஷனோடு தொடர்புடைய ஸ்கடர் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய வால்டர் ஸ்கடர் பள்ளி திண்டிவனத்தில் இன்றும் இயங்கிவருகிறது.

நன்னூலின் சிறப்புகளில் ஒன்று பதவியல். தொல்காப்பியத்தில் இதற்கெனத் தனி இயல் இல்லை. பவணந்தியார் தம் எழுத்ததிகாரத்தில் எழுத்துக்கும் புணர்ச்சிக்கும் நடுவே பதவியலை வைத்து, பிரிக்கத்தக்க சொல்லாகிய பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகள் வகுத்தார். சொல்லின் முதலில் நிற்கும் வேர் பகுதி, இதற்கு முதனிலை என்றும் பெயர். இறுதியில் நின்று சொல்லின் இனத்தை அறிவிப்பது விகுதி. ஆங்கில ஒட்டுகளைப் புரிந்துகொள்ளத் தேவையான கருவிகள் ஏறத்தாழ இவ்வளவே.

தமிழில் தொழிற்பெயர் மூன்று வகையாக அமையும். முதலாவது, விகுதி பெற்றது: ஆடு என்பதிலிருந்து ஆடல், ஆட்டம், பார் என்பதிலிருந்து பார்வை, மற என்பதிலிருந்து மறதி, கல் என்பதிலிருந்து கல்வி. இரண்டாவது, விகுதி எதுவும் இன்றி வினையின் வேரே பெயராக நிற்கும் முதனிலைத் தொழிற்பெயர்: அடி விழுந்தது, உதை வாங்கினான், வெட்டு ஆழமாக இருந்தது. மூன்றாவது, வேரின் முதலெழுத்து நீண்டு பெயராகும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்: பெறு என்பது பேறு, கெடு என்பது கேடு, சுடு என்பது சூடு, உண் என்பது ஊண். பிற மொழி எதையும் கருதாமல் தமிழுக்காக வகுக்கப்பட்ட இந்த மூன்று வகைகளையும் ஆங்கிலத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அவை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகின்றன. ஆங்கிலத்திலும் விகுதியில்லாத பெயர்கள் ஏராளம். கட், கிக், ஃபைட், வாக், லவ், ஹோப் ஆகியவை வினையாகவும் பெயராகவும் உருமாறாமல் நிற்கின்றன. வெட்டுக்குக் கட்டும் உதைக்குக் கிக்கும் நேரான இணைகள். உயிரெழுத்து மாறுவதால் பெயராவனவும் அங்கே உண்டு. விற்பதைக் குறிக்கும் செல் என்ற வினை விற்பனையைக் குறிக்கும்போது சேல் ஆகிறது, சொல்வதைக் குறிக்கும் டெல் என்ற வினை கதையைக் குறிக்கும்போது டேல் ஆகிறது, சிங் என்பது சாங் ஆகிறது. உண் என்பது ஊண் ஆவது போல ஊட்டுவதைக் குறிக்கும் ஃபீட் என்பதும் உணவைக் குறிக்கும் ஃபூட் என்பதும் உறவுச் சொற்களாக நிற்கின்றன. சுடு, சூடு என்ற இணைக்கு ஹாட், ஹீட் என்ற இணை துணை நிற்கிறது. உயிர் மாறியதற்கான வரலாற்றுக் காரணம் இரு மொழிகளிலும் வேறு வேறு என்பதையும், தமிழில் குறில் நெடிலாவது ஒழுங்கானதாக இருக்க ஆங்கிலத்தில் உயிரின் இனமே மாறிவிடுகிறது என்பதையும் ஆசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்ற தலைப்பை ஏற்கெனவே அறிந்த மாணவருக்கு ஹீட் என்பதை விதிவிலக்கு என்று சொல்லித் தள்ள வேண்டியதில்லை.

விகுதி பெற்ற பெயர்களிலேயே ஆங்கிலம் கற்போருக்குச் சங்கடம் மிகுதி. கைண்ட் என்பது கைண்ட்னெஸ் ஆகும்போது பியூர் என்பது ஏன் பியூரிட்டி ஆகிறது, வார்ம் என்பது ஏன் வார்ம்த் ஆகிறது, ஃப்ரீ என்பது ஏன் ஃப்ரீடம் ஆகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வகுப்பறைகளில் கிடைக்கும் விடை, அது அப்படித்தான் என்பது. உண்மையில் இதற்கான விடை இலக்கணத்தில் பாதியும் வரலாற்றில் பாதியுமாக இருக்கிறது. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அதன் வழியாகவும், பின்னர் அறிஞர்கள் நேரடியாக எடுத்தாண்ட லத்தீன் வழியாகவும், ஆயிரக்கணக்கான சொற்கள் தத்தம் விகுதிகளோடு ஆங்கிலத்துக்குள் வந்து குடியேறின. அதனால் ஆங்கிலத்தில் இரண்டு விகுதிக் குடும்பங்கள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. னெஸ், டம், ஹுட், ஷிப், த் ஆகியவை மண்ணின் பழைய குடும்பம். மெண்ட், ஷன், இட்டி, அன்ஸ், அல், யூர் ஆகியவை வந்தேறிய குடும்பம்.

பழைய குடும்பத்தில் மூன்று விகுதிகள் ஒருகாலத்தில் தனிச்சொற்களாக இருந்தவை. டம் என்பது தீர்ப்பு, சட்டம் எனப் பொருள்பட்ட சொல். இன்று அழிவு என்ற பொருளில் வழங்கும் டூம் என்ற சொல்லும் அதுவே. ஹுட் என்பது நிலை, தகுதி எனப் பொருள்பட்ட சொல்; சைல்ட்ஹுட் என்றால் குழந்தையின் நிலை. ஷிப் என்பதற்கும் கப்பலுக்கும் எந்த உறவும் இல்லை. அது வடிவத்தைக் குறிக்கும் ஷேப் என்ற சொல்லின் உறவு. தனிச்சொல் தேய்ந்து விகுதியாவது தமிழ் மாணவருக்கு அன்றாடம் கண்முன் நடப்பது. படு என்ற வினை பாடாகவும் இடு என்ற வினை ஈடாகவும் திரிந்து, இன்றைய உரைநடையில் ஏறத்தாழ விகுதிகளாகவே இயங்குகின்றன; கட்டுப்பாடு, மேம்பாடு, செயல்பாடு, குறைபாடு ஒரு பக்கமும், முதலீடு, மதிப்பீடு, வெளியீடு, குறியீடு மறுபக்கமுமாக, நிர்வாகத் தமிழையும் அறிவியல் தமிழையும் இவ்விரண்டும் தாங்கி நிற்கின்றன. பாடு என்பதை இலக்கண ஆசிரியர்களே தொழிற்பெயர் விகுதிகளில் ஒன்றாக எண்ணிவிட்டனர். சாப்பிடு என்பது சாப்பாடு ஆனதும் இவ்வழியிலேயே. இவ்வட்டாரத்தின் அண்மை வரலாற்றிலும் இத்தகைய சொற்களைக் காணலாம். 1987 செப்டம்பரில், ஒரு வார காலம், இங்குள்ள சாலைகளை முடக்கி நடந்த வன்னியர் சங்கத்தின் போராட்டத்தில் இருபத்தொருவர் உயிரிழந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டிய முக்கியச் சொற்களான போராட்டம், மறியல், ஒதுக்கீடு மூன்றும் தொழிற்பெயர்கள். முதலாவது அம் விகுதியையும், இரண்டாவது அல் விகுதியையும், மூன்றாவது ஈடு என்பதையும் பெற்றவை.

பழைய குடும்பத்தின் த் விகுதி, லாங் என்பதை லெங்த் ஆகவும், ஸ்ட்ராங் என்பதை ஸ்ட்ரெங்த் ஆகவும், டீப் என்பதை டெப்த் ஆகவும் மாற்றி, வேரின் உயிரையும் சேர்த்துத் திரித்துவிடுகிறது. இவ்விகுதி இன்று புதுச்சொற்களை ஈனுவதில்லை. இருப்பவற்றை வைத்துக் காலம் தள்ளுகிறது. தமிழில் காடு என்ற விகுதிக்கும் இதே கதிதான். சாக்காடு, வேக்காடு, நோக்காடு என்று கிராமத்துப் பேச்சில் அது உயிரோடிருக்கிறது. அரிசி அரைவேக்காடாகிவிட்டது என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் புதிதாக வந்த எந்த வினையோடும் அது சேர்வதில்லை. அரவு என்ற விகுதி இன்னும் அருகிப்போய்விட்டது. விகுதிகளுக்கும் இளமையும் மூப்பும் உண்டு. னெஸ் இன்றும் இளமையோடிருக்கிறது; எந்தப் பெயரடையோடும் சேரத் தயங்காது. தமிழில் தல் அத்தகையது. எந்த வினையோடும் சேரும், நடத்தல், ஓடுதல், தட்டச்சிடுதல். ஆங்கிலத்தில் வினையோடு இதற்கு நிகராகச் சேர்வது இங். பேச்சுத் தமிழ் தல் என்பதை ஏறத்தாழக் கைவிட்டு, போறது, வர்றது, பேசுறது என அது என்ற ஈற்றை வைத்துக்கொண்டதும், நடத்தலுக்குப் பதிலாக வாக்கிங் என்பதையே எடுத்துக்கொண்டதும் தனியாக ஆராயத்தக்கவை.

வந்தேறிய குடும்பத்தை அறிமுகப்படுத்தப் புதிய பட்டியல் தேவையில்லை. முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை சென்று வந்த எவருக்கும், ஆங்கிலம் ஒரு வரி படிக்கத் தெரியாவிட்டாலும், அதன் சொற்கள் பாதி தெரியும். அட்மிஷன், ட்ரீட்மெண்ட், ஆபரேஷன், இன்ஃபெக்ஷன், டிஸ்சார்ஜ் ஆகியவை நோயாளியின் உறவினர் வாயில் சரளமாகப் புழங்குகின்றன. இவற்றில் டிஸ்சார்ஜ் முதனிலைத் தொழிற்பெயர். மற்றவை விகுதி பெற்றவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ரெஜிஸ்ட்ரேஷன், ரயில் நிலையத்தில் ரிசர்வேஷன், கல்லூரியில் அப்ளிகேஷன், கடையில் பேமெண்ட் என இந்த வரிசை நீளும். இச்சொற்களைத் தமிழ் முழுதாக விழுங்கியிருக்கிறதே தவிர மென்று பார்க்கவில்லை. அவற்றை மாணவர் முன் வைத்து வேரையும் விகுதியையும் பிரித்துக் காட்டினால், ட்ரீட், பே, ரெஜிஸ்டர், ரிசர்வ், அப்ளை என்ற வினைகள் தாமே வெளிவரும். கூடவே ஒழுங்குகளும் புலப்படும். ஏட் என முடியும் வினைகள் பெரும்பாலும் ஏஷன் என முடியும் பெயர்களைத் தருகின்றன: ஆபரேட், எஜுகேட், கிரியேட். மிட் என முடிபவை பெரும்பாலும் மிஷன் ஆகின்றன: அட்மிட், பெர்மிட், சப்மிட். ஃபை என முடிபவை ஃபிகேஷன் பெறுகின்றன. டியூஸ் என முடிபவை டக்ஷன் ஆகின்றன. ஸ்க்ரைப் என முடிபவை ஸ்க்ரிப்ஷன் ஆகின்றன, மருத்துவர் எழுதித் தரும் சீட்டு ப்ரிஸ்க்ரிப்ஷன் ஆவது இவ்வாறே. இவை தமிழின் சந்தி, விகாரம் போன்றவை. கல் என்பதும் வி என்பதும் சேர்ந்தால் கல்வி என மாறாதிருக்க, ஆடு என்பதும் அம் என்பதும் சேரும்போது டகரம் இரட்டித்து ஆட்டம் ஆவதை ஏற்றுக்கொண்ட மாணவர், அட்மிட் என்பதன் ஈற்று ட் மெலிந்து ஷன் ஆவதையும் ஏற்றுக்கொள்வார்.

இட்டி என்ற விகுதி சற்றுத் தலைமைக் குணம் உடையது. தான் சேரும் சொல்லின் அழுத்தத்தைத் தன் அருகே இழுத்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் என்னும்போது நடு அசையில் இருந்த அழுத்தம் எலெக்ட்ரிசிட்டி என்னும்போது அடுத்த அசைக்கு நகர்கிறது, ககர ஒலியும் சகரமாகிறது. னெஸ் இத்தகைய தொல்லை எதுவும் தருவதில்லை. ஏபிள், அல், இவ் என முடியும் சொற்கள் பெரும்பாலும் இட்டியை விரும்புகின்றன. குட்டையான பழைய பெயரடைகள் னெஸ் என்பதோடு நிற்கின்றன. மாணவருக்கு இவ்வளவு வழிகாட்டினால் பத்தில் ஏழெட்டுச் சொற்களில் தவறு நேராது. இட்டியை ஊர்ப்பெயரோடும் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. இலங்கையைப் பாரசீகர்களும் அரேபியர்களும் அழைத்த செரண்டிப் என்ற பெயர் வரும் ஒரு கதையை நினைவில் வைத்து, எதிர்பாராமல் நல்லதொன்றைக் கண்டடையும் பேற்றைக் குறிக்கச் செரண்டிபிட்டி என்ற சொல்லை 1754இல் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கினார்.

இரண்டு குடும்பங்களும் கலப்பு மணமும் செய்துகொண்டன. பட்டினி கிடப்பதைக் குறிக்கும் ஸ்டார்வ் என்ற ஆங்கில வேர், வந்தேறிய ஏஷனை ஏற்று ஸ்டார்வேஷன் ஆயிற்று. பிரெஞ்சு வழி வந்த ஜென்டில், உள்ளூர் னெஸ் என்பதைச் சேர்த்துக்கொண்டு ஜென்டில்னெஸ் ஆயிற்று. தமிழ் இதில் பின்தங்கிவிடவில்லை. வடமொழி வேர்களாகிய வாசி, நேசி, ரட்சி முதலியவை தமிழ் விகுதியை ஏற்று வாசிப்பு, நேசிப்பு, ரட்சிப்பு ஆயின. தமிழ்ச் சொற்களாகிய தனி, முதலாளி ஆகியவை வடமொழி ஈற்றை ஏற்றுத் தனித்துவம், முதலாளித்துவம் ஆயின. கொள்கைகளைக் குறிக்க ஆங்கிலத்தில் இஸம் இருப்பது போல இயம் என்பது மார்க்சியம், காந்தியம், பெண்ணியம், பெரியாரியம் எனப் பெருகியதும் அண்மை வரலாறு. கலப்பைக் கண்டு முகம் சுளிக்கும் தூய்மைவாதிகள் இரு மொழிகளிலும் இருந்திருக்கிறார்கள். சொற்கள் அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

ஒரே வேரோடு வெவ்வேறு விகுதிகள் சேரும்போது பொருள் விலகிச் செல்வது, இரு மொழிகளிலும் மிகவும் சுவையான பகுதி. செய் என்ற வினையிலிருந்து செய்தல், செயல், செய்கை, செய்தி எல்லாம் பிறந்தன; முதல் மூன்றும் அருகருகே நிற்க, செய்தி மட்டும் செயலிலிருந்து நகர்ந்து, செயலைப் பற்றி வரும் தகவலாகிவிட்டது. நட என்பதிலிருந்து வந்த நடையும் நடப்பும் நடத்தையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாதபடி பிரிந்துவிட்டன. ஆங்கிலத்தில் ரியல் என்பதிலிருந்து வந்த ரியாலிட்டி உண்மை நிலையையும், ரியலிஸம் ஒரு கலைக் கொள்கையையும் குறிக்கின்றன. ஆதலால் எந்த விகுதி சரியானது என்று கேட்பதைவிட, எந்த விகுதிக்கு என்ன பொருள் என்று கேட்பதே பல இடங்களில் பொருத்தமான கேள்வியாக இருக்கும்.

தொட முடியாத பெயர் தொடக்கூடிய பொருளாக மாறுவதும் உண்டு. பொரித்தல் என்ற செயலின் பெயராகிய பொரியல் இலையில் வந்து விழுகிறது. வறுவல், அவியல், துவையல், பொங்கல், வற்றல் அனைத்தும் அல் விகுதி பெற்ற தொழிற்பெயர்களே. தமிழ்ச் சமையலறை தொழிற்பெயர்களைச் சமைத்துப் பரிமாறுகிறது என்று சொன்னால் மிகையில்லை. இவ்வாறு தொழிலின் பெயர் அத்தொழிலால் உண்டான பொருளுக்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்பர். வெள்ளை அடித்தான், இனிப்புத் தின்றான் என்பனபோலப் பண்பின் பெயர் பொருளுக்கு ஆவது பண்பாகுபெயர். ஆங்கிலத்தில் கட்டும் செயலின் பெயராகிய பில்டிங் கட்டடமானதும், தீட்டும் செயலின் பெயராகிய பெயிண்டிங் சுவரில் மாட்டப்பட்ட ஓவியமானதும் இதே நிகழ்ச்சி. ஆனால் ஆங்கிலப் பாடநூல் இதற்கு ஆகுபெயர் போன்ற ஒரு கைப்பிடியை மாணவருக்குத் தருவதில்லை. பொருளாக மாறாதவற்றில் ஒரு வழுக்கல் இருக்கிறது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது: தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று பன்மை சொல்லலாம், ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ் ஆகிய சொற்கள் எண்ணப்படாதவை, பன்மை ஏற்காதவை.

ஒரு வினையிலிருந்து தொழிற்பெயர்கள் கிளைப்பதற்கு, திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலுள்ள ஆராய்ச்சி என்ற சொல் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஆய் என்ற வினைக்குப் பொறுக்கி எடுத்தல் என்ற பொருளும், நுணுகிப் பார்த்தல் என்ற பொருளும் உண்டு. திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்பவரும், பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளி நல்ல இலையைக் கிள்ளி எடுக்கும்போது, அச்சொல்லின் இரு பொருளையும் ஒருசேரச் செய்கிறார். அதே வினையிலிருந்தே ஆய்வு பிறந்தது; ஆராய் என விரிந்து ஆராய்ச்சியும் பிறந்தது. நிலத்தின் நாட்குறிப்பு முழுவதும் இத்தகைய சொற்களே: உழவு, நடவு, விதைப்பு. விளைச்சல் மண்டிக்குப் போனபின் வரத்து, இருப்பு, விற்பனை எனச் சொற்கள் மாறுகின்றன, விகுதிகளும் மாறுகின்றன, தொழிற்பெயராக்கும் வேலை மட்டும் மாறுவதில்லை.

பண்புப்பெயரில் இரு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. ஆங்கிலம் டார்க் என்ற அடையிலிருந்து தொடங்கி னெஸ் சேர்த்து டார்க்னெஸ் என்ற பெயரை அடைகிறது. நன்னூலாரோ பெருமை, சிறுமை, புதுமை என்ற பெயரிலிருந்து தொடங்குகிறார். அதன் ஈற்றிலுள்ள மை கெட்டும், சில இடங்களில் முதலெழுத்து நீண்டும், பிற மாற்றங்கள் பெற்றும், பெருவழி, பேரூர், சிறுகதை, புதுச்சொல் என்பன போன்ற தொடர்கள் அமைவதாக விளக்குகிறார். அவர் பார்வையில் தன்மையின் பெயரே முதல். அடை என்பது அதிலிருந்து தேய்ந்தது. தற்கால மொழியியலார் இதை வேறுவிதமாகக் காணக்கூடும். எனினும் மை என்பது எவ்வளவு ஆழமாகத் தமிழில் வேரூன்றியிருக்கிறது என்பதற்கு அந்த விளக்கமே சான்று. எதிர்மறையையும் அது எளிதாக ஏற்றுக்கொள்ளும். அறி என்ற வேரோடு ஆ என்ற எதிர்மறை இடைநிலையும் மை விகுதியும் சேர்ந்தால் அறியாமை. அவ்வாறே கல்லாமை, இல்லாமை, பொறாமை. ஆங்கிலம் இதற்குப் பெரும்பாலும் சொல்லின் முன்னால் அன், இன் போன்ற முன்னொட்டுகளை நாடுகிறது: அன்ஹாப்பினெஸ் என்பதில் தலையில் ஒன்றும் வாலில் ஒன்றும் ஒட்டியிருக்கின்றன.

எதிர்மறைப் பெயர்களில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் பதினேழாவது கூறு ஒழித்த கொடுமைக்கு ஆங்கிலத்தில் அன்டச்சபிலிட்டி என்று பெயர். அதில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன: பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த அன், பிரெஞ்சு வழி வந்த டச், லத்தீன் வழி வந்த ஏபிள், இட்டி. டச் என்பதோடு ஏபிள் சேர்ந்தவுடன் அச்சொல் தொடுபவரை விட்டுவிட்டுத் தொடப்படுபவரிடம் போய்விடுகிறது. தொடத்தக்க என்ற அடை தொடப்படுபவருக்கே உரியது. அன் அதை மறுக்கிறது, இட்டி அதை அவருடைய தன்மையாக்கிவிடுகிறது. தமிழில் தீண்டாமை என்பதற்கு மூன்றே உறுப்புகள்: தீண்டு, ஆ, மை. இது எதிர்மறைத் தொழிற்பெயர். தக்க, தகாத என்ற பொருள் தரும் எந்த உறுப்பும் இதில் இல்லை. யாரோ ஒருவர் தீண்டாமல் இருப்பதையே இச்சொல் பெயராக்குகிறது. இலக்கணப்படி அதன் எழுவாய் ஒதுக்குபவர், ஒதுக்கப்பட்டவர் அல்லர். குற்றம் எவரிடம் இருக்கிறது என்பதைத் தமிழ்ச் சொல்லின் உறுப்புகள் மறைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் அனைத்திலும் இக்கொடுமையைக் கண்டிக்கும் ஒரு வாசகம் முன்பக்கத்தில் அச்சிடப்படுகிறது. தமிழ் வாசகம் தீண்டாமையை மனிதநேயமற்றதென்றும் பெருங்குற்றமென்றும் சொல்லும்போது, செயல் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. ஆங்கில வழி நூல்களில் உள்ள வாசகத்தில் அதற்கு ஈடான சொல் இல்லை.